நிலச் சட்டமும் நீதிமன்றப் பயிற்சியும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)

 

சட்டக் கல்வி முடித்து வெளிவரும் இளைஞர்களுள் கணிசமானோர் இன்று நாடிச் செல்வது நிலப் பத்திர வேலையை. வீடு வாங்குவோர்க்கு ஒப்பந்தம் எழுதுதல், பெயர் மாற்றம் செய்தல், வங்கிக்கு அடமானம் பதிதல் ஆகியவை குளிர்சாதன அறையில் அமர்ந்து செய்யத்தக்க பணிகள். காலை எட்டரை மணிக்கு நீதிமன்ற வாயிலில் காத்து நிற்க வேண்டியதில்லை. நீதிபதியின் கடிந்துரையைக் கேட்க வேண்டியதில்லை. வருமானமும் ஓரளவு உறுதியானது. பெற்றோரும் அதனையே விரும்புகின்றனர். அதில் தவறொன்றுமில்லை. ஆயினும், நிலச் சட்டம் என்பது காகிதச் சட்டமே, அதற்கு வழக்காடு மன்றப் பயிற்சி எதற்கு என்னும் எண்ணம் அவர்களிடையே வேரூன்றி வருவதுதான் கவலைக்குரியது. இந்நாட்டின் நிலச் சட்டத்திற்கு வடிவம் தந்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பது புலனாகும்.

முதலில் நிலச் சட்டத்தின் அமைப்பைச் சிறிது கூறிவிடுதல் நலம். தீபகற்ப மலேசியாவில் நிலவுரிமை முழுவதும் தேசிய நிலச் சட்டத்தின் கீழ் அடங்கும். 1965ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இச்சட்டம் 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பதிவேட்டில் எவர் பெயர் உளதோ அவரே உரிமையாளர் என்பது அதன் உயிர்நாடி. நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகையாக அச்சட்டம் பிரிக்கிறது. ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் வீடமைப்பு எழ வேண்டுமாயின், 124ஆம் பிரிவின்படி விண்ணப்பித்துப் பயன்பாட்டு வகையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதனோடு 1976ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் தேவை. கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று உண்டு. ஆக, எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அலுவலகக் கோப்பு ஒன்றே தீர்மானிக்கிறது. விண்ணப்பம், அதிகாரியின் குறிப்பு, ஆட்சிக்குழுவின் முடிவு, நிபந்தனைக் கடிதம் என்று அக்கோப்பு நகர்கிறது. இதில் நீதிமன்றம் எங்கே வருகிறது என்று கேட்கத் தோன்றும்.

அதற்கு விடையாக ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம். பேராக் சுல்தானாகவும், 1989 முதல் 1994 வரை மாமன்னராகவும் விளங்கிய சுல்தான் அஸ்லான் ஷா அவர்களை அறியாதார் இலர். ஆனால் அரியணை ஏறுமுன் அவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீதித்துறையிலும் சட்டத்துறையிலும் உழைத்தவர் என்பதை இளைய தலைமுறை அவ்வளவாக அறியாது. 1928ஆம் ஆண்டு பத்து காஜாவில் பிறந்த அவர், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1954இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். நாடு திரும்பியதும் பேராக் மாநிலத் துணைச் செயலாளராகச் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் சட்டத்துறைப் பணியில் சேர்ந்து, கோலாலம்பூரில் மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார். தொடர்ந்து செஷன்ஸ் நீதிமன்றத் தலைவர், கூட்டரசு வழக்கறிஞர், துணைப் பப்ளிக் பிராசிகியூட்டர், பகாங் மாநிலத்துக்கும் பிறகு ஜொகூர் மாநிலத்துக்கும் சட்ட ஆலோசகர், நீதிமன்றப் பதிவாளர் எனப் படிப்படியாக உயர்ந்தார். 1965இல் தமது 37ஆம் வயதில் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

இப்படிகளுள் மாஜிஸ்திரேட் பணியைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1950களின் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் என்பது பெருமைக்குரிய இடமன்று. சில்லறைத் திருட்டு, அடிதடி, உரிமமற்ற அங்காடி, சிறு கடன் என்று வரிசையாக வழக்குகள் வந்து நிற்கும். சாட்சி ஒரு மொழியில் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் இன்னொரு மொழியில் கூறுவார். மாஜிஸ்திரேட் அவ்வளவையும் தம் கைப்பட எழுதிக்கொள்ள வேண்டும். கையால் எழுதும்போது சொல்லுக்குச் சொல் கவனம் செல்லும். "பார்த்தேன்" என்றவர் உண்மையில் பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? காவல்துறை அதிகாரியின் அறிக்கையே ஆயினும் அதனை எழுதியவர் கூண்டேறி மெய்ப்பிக்க வேண்டும். மறுதரப்பு குறுக்கு விசாரணை செய்யும். இரு தரப்பையும் கேளாது எவர்மீதும் தீர்ப்பில்லை. செஷன்ஸ் நீதிமன்றத்திலோ வீட்டுக்காரர், வாடகைக்காரர் தகராறுகள் வந்து சேரும். மண்ணையும் கூரையையும் பற்றிய சச்சரவில் மனிதர் எவ்வளவு உறுதியாகப் பிழைபடச் சொல்லுவர் என்பதை அங்கே அமர்ந்தவரே அறிவர்.

அவ்வாறு பழகிய ஒருவர் பின்னாளில் நில அலுவலகக் கோப்பைப் பார்க்கும்போது, அது அவருக்கு அரசாணையாக மட்டும் தோன்றாது. சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு சாட்சியாகவும் தோன்றும். சுல்தான் அஸ்லான் ஷா அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் கிட்டியது. நிலம் நம் அரசியலமைப்பின்படி மாநில அரசுக்குரிய விவகாரம். மாநிலச் செயலகத்திலும், மாநிலச் சட்ட ஆலோசகர் பதவியிலும் இருந்தமையால் ஒரு நிலக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே கையெழுத்தாகிறது என்பதை உள்ளிருந்தே பார்த்தவர் அவர். கூண்டையும் அறிந்தவர், கோப்பையும் அறிந்தவர். அரசு அலுவல் புரிவோர் அவருடைய தீர்ப்புகளைப் படிக்கும்போது ஒன்றை உணர்வர்: அதிகாரியின் சிரமம் புரியாமல் எழுதப்பட்ட தீர்ப்புகள் அல்ல அவை.

1979ஆம் ஆண்டு ஸ்ரீ லெம்பா நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சான்று. கோலாலம்பூரில் நிரந்தரப் பட்டா உள்ள நிலமொன்றின் உரிமையாளரான அந்நிறுவனம், நிலத்தைப் பிரிக்கவும் பயன்பாட்டை மாற்றவும் அனுமதி கேட்டது. கூட்டரசுப் பிரதேச நில அதிகாரிகள் அனுமதி தர இசைந்தனர். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர். நிரந்தரப் பட்டாவை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஈடாக 99 ஆண்டுக் குத்தகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. மேல்முறையீடு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. அப்போது மலாயாவின் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த ராஜா அஸ்லான் ஷா அவர்கள் எழுதிய தீர்ப்பு, அந்த நிபந்தனை செல்லாது என்றது. அனுமதிக்கப்படும் மேம்பாட்டோடு நியாயமான தொடர்புடைய நிபந்தனையையே அதிகாரி விதிக்கலாம். நிலவுரிமையின் தன்மையையே மாற்றிவிடும் அதிகாரம் அப்பிரிவில் இல்லை. எல்லையற்ற விருப்புரிமை என்னும் சொல்லே தனக்குள் முரண்பட்டது என்றும், சட்டம் தரும் எந்த அதிகாரத்துக்கும் சட்டத்தின் எல்லை உண்டு என்றும் அவர் கூறிய கருத்து, அரசு நிர்வாகச் சட்டம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் இன்றும் படிக்கும் பாடமாயிற்று.

இத்தீர்ப்பை மட்டும் எடுத்துச் சொல்லி மகிழ்வது நம்மவர் வழக்கம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1982இல், சிடேக் என்பாரும் மற்றும் 461 பேரும் பேராக் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றத்தில் வெளியாயிற்று. காட்டை வெட்டித் திருத்திக் குடியேறிய மக்கள் அவர்கள். உழைத்தோம், குடியிருந்தோம், நிலம் கிடைக்கும் என்று நம்பினோம் என்பது அவர்தம் வாதம். அதே நீதிபதிதான் தீர்ப்புரைத்தார். உரிமமின்றி அரசு நிலத்தில் குடியேறியவர்க்குச் சட்டத்திலும் நேர்மைச் சட்டத்திலும் உரிமையில்லை என்று அவர் முடிவு செய்தார். அதிகாரியின் வரம்பு மீறலைத் தடுத்த அதே கை, பட்டா இல்லாதவரின் கோரிக்கையையும் மறுத்தது. இரண்டிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: இதற்குச் சட்டத்தில் எங்கே ஆதாரம்?

இவ்விரண்டாம் தீர்ப்பைத்தான் ஆலயப் பொறுப்பாளர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தோட்டப்புறங்களில் எழுந்த கோயில்கள் பல, தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி இசைவில் எழுந்தவை. தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமாகும்போது "எண்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறோம்" என்று கூறுகிறோம். அரசு நிலத்தை எவ்வளவு காலம் அனுபவித்தாலும் அதனால் உரிமை பிறவாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு கூறுகிறது. தனியார் நிலத்திற்கும் ஏறத்தாழ அதே நிலையை 341ஆம் பிரிவு வைத்துள்ளது. எண்பது ஆண்டு என்பது நெஞ்சை உருக்கும் செய்தியே. நீதிமன்றத்தில் அது மட்டும் உரிமையாகி விடாது. இந்த உண்மையை ஓர் இளம் வழக்கறிஞர் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும் குடும்பத்துக்கெதிராக வெளியேற்ற ஆணை பிறப்பிக்கப்படுவதை நேரில் கண்டவரே, வழக்கு மன்றத்தை எட்டுமுன் எவ்வளவு செய்ய வேண்டியிருக்கிறது என்பதை உணர்வார்.

பட்டா இல்லாதார் எவரும் வென்றதில்லையா என்றால், வென்றதுண்டு. 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டிங்கில் வட்டாரத்தில் தெமுவான் பூர்வகுடியினரின் நிலம் எடுக்கப்பட்டது. மரங்களுக்கும் வீடுகளுக்கும் இழப்பீடு தரப்பட்டது, நிலத்திற்குத் தரப்படவில்லை. சாகோங் தாசி என்பாரும் மற்ற அறுவரும் வழக்குத் தொடுத்தனர். அவர்களிடம் பட்டா ஏது? முன்னோர் வாழ்ந்த முறையையும் வழிவழி வந்த வழக்காறுகளையும் வாய்மொழியாகவே கூறினர். சாட்சியச் சட்டத்தின் வரம்புக்குள் அவ்வாய்மொழி வரலாற்றை ஏற்கலாம் என்று 2002இல் உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. நிலத்தின்மீது அவர்களுக்கு உரிமை உண்டென 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அவர்கள். 1970 முதல் வழக்காடியே பெயர் பெற்று, 1994இல் வழக்கறிஞர் நிலையிலிருந்து நேராக மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானவர். 2023இல் மறைந்தார். வாய்ச்சொல்லின் எடை என்ன, காகிதத்தின் எடை என்ன என்பதைக் கால் நூற்றாண்டு காலம் குறுக்கு விசாரணையில் அளந்து பார்த்தவர்க்கு அத்தீர்ப்பு இயல்பாகவே வந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. ஆனால் பூர்வகுடியினரின் மரபுரிமை அவர்களுக்கே உரியது. தோட்டப்புறத்தார் அத்தீர்ப்பைக் காட்டி உரிமை கோர முடியாது. இதைச் சிலர் குழப்பிக்கொள்வதால் சொல்ல நேர்கிறது.

அண்மைக் காலத்து வழக்கொன்று நம் மக்களை நேரடியாகத் தொட்டது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் 29 மாடி மலிவுவிலை வீட்டுக் கட்டடம் ஒன்றும், 42 முதல் 54 மாடி வரையிலான எட்டுக் கட்டடங்களும் எழுப்ப 2017 ஜூலையில் மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. மலிவு வீடுகள் யாருக்காக? பழைய புக்கிட் கியாரா தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்காக. அவர்கள் தற்காலிகம் என்று கூறப்பட்ட நீள்வீடுகளில் பல்லாண்டுகளாகக் காத்திருந்தவர்கள். சுற்றிலும் வாழ்ந்த மக்களோ, பொதுப் பூங்காவெனத் திட்டத்தில் குறிக்கப்பட்ட நிலம் பறிபோகிறதென்று வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2021இல் மேல்முறையீட்டில் வென்றனர். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றமும் மேம்பாட்டு ஆணை செல்லாது என்றது. நகரின் கட்டமைப்புத் திட்டத்தினின்று விலகுவதாயின் டத்தோ பண்டார் அதற்குரிய காரணத்தைக் கூறக் கடமைப்பட்டவர் என்றும், அக்கம்பக்கத்தார்க்கு வழக்காடும் தகுதி உண்டென்றும், மேம்பாட்டில் பங்குகொண்ட அறநிறுவனத்தின் பொறுப்பிலும் டத்தோ பண்டார் இருந்தமை முரணானது என்றும் நீதிமன்றம் கண்டது.

அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன் அவர்கள். 2007இல் நீதித்துறை ஆணையராக நியமிக்கப்படுமுன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வழக்காடும் வழக்கறிஞராகவே விளங்கியவர். 1979இல் நில அதிகாரியிடம் கேட்கப்பட்ட கேள்வி, 2023இல் மாநகர் மன்றத்திடம் கேட்கப்பட்டது என்றே சொல்லலாம். ஆனால் நீள்வீட்டுக் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பூங்கா காப்பாற்றப்பட்ட அந்நாளில் அவர்கள் கைக்கு வீட்டுச் சாவி வரவில்லை. தவறான ஆணையை நீக்கவே நீதிமன்றத்தால் முடியும்; சரியான வீட்டைக் கட்டித்தர அதனால் இயலாது. வழக்கில் பழகிய வழக்கறிஞர் தம் கட்சிக்காரரிடம் இதனை முதல் நாளே சொல்லிவிடுவார். பழகாதவர் வெற்றி வெற்றி என்று நம்பிக்கை ஊட்டுவார்.

இனி இளைஞர்களிடம் வருவோம். இந்நாட்டில் வழக்கறிஞராக விரும்புவோர் ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். மூன்று மாதம் கழிந்தபின் "ஷார்ட் கால்" எனப்படும் அனுமதி பெற்று, மாஜிஸ்திரேட் நீதிமன்றம் முதலியவற்றில் தோன்றலாம். இலவசச் சட்ட உதவிப் பணியும் உண்டு. பலர் இதை எப்படியாவது கடந்துவிட வேண்டிய தொல்லையாக எண்ணுகின்றனர். நிலச் சட்டமே தம் துறை என்று முடிவு செய்தவர்கூட, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளையாவது கீழ் நீதிமன்றங்களில் கழிப்பது நல்லது. அங்கே தோற்பதும் நல்லதே. தேதியில்லாத கடிதமொன்றைச் சான்றாக நீட்டி, நீதிபதியிடம் "இதை எழுதியவர் எங்கே?" என்று ஒருமுறை கேட்கப்பட்டவர், ஆயுளுக்கும் தேதியில்லாக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க மாட்டார்.

நிலம் எடுக்கப்படும்போது இப்பயிற்சி உடனே பயன்படும். 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி நில நிர்வாகி விசாரணை நடத்தி இழப்பீட்டை அறிவிப்பார். நில அலுவலகத்தில் நடைபெறும் அவ்விசாரணை ஏதோ கூட்டம் போலத் தோன்றும். அது உண்மையில் பாதி நீதிமன்றம். இழப்பீட்டுத் தொகையை எதிர்ப்புத் தெரிவிக்காமல் பெற்றுக்கொண்டவர் பின்னர் உயர் நீதிமன்றத்தில் முறையிட முடியாது. விசாரணையில் நேரில் இருந்தவர்க்கு முறையீட்டுக் காலம் ஆறே வாரம். "எதிர்ப்புடன் பெறுகிறேன்" என்று எழுதாமற்போனதால் உள்ள வாய்ப்பையும் இழக்க நேரிடும்.

நில அலுவலகத்தின் தற்காலிகக் குடியிருப்பு உரிமமும் அவ்வாறே. அது ஆண்டு முடிவோடு தானே முடிந்துவிடும். புதுப்பிக்காத உரிமத்தை வைத்திருப்பவர், உரிமமே இல்லாதவரைப் போலத்தான். நிலத்தைப் பொதுத் தேவைக்கென ஒதுக்கி அரசிதழில் வெளியிட 62ஆம் பிரிவு வழி செய்கிறது. அதற்கான விண்ணப்பத்தைச் செய்ய வேண்டியது நிலம் அமைதியாக இருக்கும் காலத்தில், இயந்திரம் வந்து நிற்கும் நாளில் அன்று.

ஆலயக் கோப்பைத் தொகுக்கும்போது வழக்காடிப் பழகிய ஒருவர் அருகில் அமர்ந்தால் என்ன கேட்பார்? தோட்ட மேலாளர் கையெழுத்திட்ட கடிதமா? நிலம் கம்பெனிக்குரியது, அதனை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் மேலாளருக்கு இருந்ததா, இயக்குநர் குழுவின் தீர்மானம் உண்டா? கடிதத்தின் மூலப்படி யாரிடம்? "ஆற்றங்கரைப் பக்கம்" என்றிருக்கிறதே, லாட் எண் என்ன, அளவையாளர் வரைந்த படம் எங்கே? கோயில் முதலில் நின்ற இடத்திலேயே இப்போதும் நிற்கிறதா, நகர்த்தப்பட்டதா? நகர்த்தச் சொன்னவர் யார்? மின்கட்டண ரசீது எந்த ஆண்டிலிருந்து உள்ளது? அக்காலத்துக் கிராணியார் உயிரோடிருக்கிறாரா?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கப்போகும் கேள்விகளே இவை. அவற்றை நம் பிள்ளை ஒருவர் நம் மண்டபத்திலேயே முன்கூட்டிக் கேட்டுவிட்டால், விடையில்லாத இடங்கள் தெரிந்துவிடும். அந்தக் கிராணியாருக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். அவரைச் சத்தியப் பிரமாண ஆணையர்முன் அழைத்துச் சென்று சட்டப்பூர்வ உறுதிமொழி பெற இன்னும் சில மாதங்களேனும் கைவசம் இருக்கலாம். நிர்வாகக் குழுவினர் திருவிழாக் கணக்கை முடித்த கையோடு அவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வருவார்களாக.